ஷிரோமி சொன்னதும் நான் வெட்டியதும்

என் அருமை மச்சாள் ஷிரோமிக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு வருடப் பூசை. உன் அம்மா, என் மாமி, கொட்டாஞ்சேனையில் ஃபாதரிடம் சொல்லி, பூசைக்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கும் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் தெரியுமா? வெள்ளவத்தையில் போனைக் குப்புற வைத்துவிட்டு, அது அதிர்கிறதா என்று மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தால், "லூசு, எடுத்துத்தான் பாரன்" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாய்.

பயமாக இருக்கிறது, மச்சாள். அழுகைகூட வரவில்லை, பயம்தான் வருகிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் நம் 'ரெண்டு பிளேன்டீ' பொட்காஸ்டில் ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு புதிய நிகழ்ச்சி போடப்போகிறேன். நீ இல்லாமல் நான் மட்டும் பேசுகிற நிகழ்ச்சி. அதில் சொல்லப்போவதை முதலில் உனக்குச் சொல்லாமல் போட மனம் வரவில்லை.

இதை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொன்னால் கோபிக்காதே. என் அம்மாவின் தம்பி ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் குடியேறினார். அவர்களுடைய ஒரே மகள் நீ. தீபாவளிக்கு எங்கள் வீடு, நத்தார் பண்டிகைக்கு உங்கள் வீடு என்று வளர்ந்தோம். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரின் வண்டவாளங்களையும் அலசி முடித்த பிறகுதான் சினிமாக்காரர் பக்கம் போனோம். மாமா இறந்த பிறகு அவருடைய அறை சும்மா கிடந்தது. அங்கே பஸ் சத்தம் வராமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஒரு மைக்கை வைத்து, சனிக்கிழமைதோறும் பொட்காஸ்ட் என்று வம்பளக்கத் தொடங்கினோம். சரியாகச் சொன்னால் நீ அளந்தாய். நான் சிரித்தேன், எடிட் செய்யும்போது அந்தச் சிரிப்பையும் வெட்டி எடுத்தேன். பெயரில் ரெண்டு இருந்தாலும் கேட்டவர்களுக்குத் தெரிந்தது உன் குரல் ஒன்றுதான்.

பெயர் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கிற பழைய பத்திரிகைக் கிசுகிசுவைத்தான் நீ கையில் எடுத்தாய். "பேரைச் சொன்னா அது நியூஸ், மச்சாள். குறிப்புச் சொன்னாத்தான் கொசிப்" என்பாய். ஒரு ஆளுக்கு ஐந்து குறிப்பு. அதில் கடைசிக் குறிப்புக்கு 'வேலி' என்று நீயே ஒரு பெயர் வைத்திருந்தாய். முதல் நாலும் வேறு யாருக்காவது பொருந்திவிட்டால், அவர் இல்லை என்று காட்டுவதற்கான ஒரு வரி அது. "சும்மா இருக்கிற ஒருத்திட தலையில போய் விழக்கூடாதுடி." வம்பு பேசுகிறவளுக்கு இவ்வளவு மனச்சாட்சியா என்று நான் உன்னைக் கேலி செய்ததுண்டு.

நீ கடைசியாகப் பேசிய நிகழ்ச்சி ஞாபகம் இருக்கிறதா? கலியாண வீடுகளில் பாடுகிற ஒரு பாடகியைப் பற்றிச் சொன்னாய். எப்போதும் தலையில் ஒற்றை ரோஜா வைப்பவர், கணவர் பக்கத்தில் இல்லாதவர், பழைய பாட்டுகளில் கெட்டிக்காரி, இப்போது பாண்ட் குழுவில் கீபோர்ட் வாசிக்கிற கலியாணமான ஒருவரோடு கதை ஓடுகிறது என்று. பிறகு வேலி போட்டாய். "இவ இங்க இருக்கிறவ இல்ல. வெளிநாட்டில இருந்து லீவுக்கு வந்து பாடிட்டுப் போறவ. இங்க உள்ள ஆக்களை நினைச்சுப் போடாதீங்க." அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்குக் கீழே ஓட்டோக்காரர் ஒருவர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

எடிட் செய்யும்போது அந்த வரியை வெட்டினேன். வெட்டிவிட்டு நிகழ்ச்சியைப் போட்டேன்.

திங்கட்கிழமை உனக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து போனைப் பார்த்தபோது, கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இது அவதானே?" பக்கத்தில் ஒரு பெயர். வெளிநாட்டுக்காரியின் பெயர் அல்ல. நம் கொழும்பில் இருக்கிற, ரோஜா வைக்கிற, கணவர் கட்டாரில் வேலை செய்கிற வேறொரு பாடகியின் பெயர். அதற்குக் கீழே இருபது பேர் சிரித்திருந்தார்கள். உனக்குக் காய்ச்சல் விடட்டும், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திருத்தம் போடலாம் என்று நினைத்தேன். டெங்கு என்றார்கள். அடுத்த சனிக்கிழமையை நீ பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. உன்னை ஒரு நாளும் கேட்டிராதவர்கள்கூட உன் கடைசிக் குரல் என்று தேடி வந்து கேட்டார்கள். கண்ணீர் விட்டார்கள், மெழுகுதிரிப் படம் போட்டார்கள், போகிற போக்கில் அந்தப் பெயரையும் படித்துக்கொண்டு போனார்கள். நிகழ்ச்சியை எடுத்துவிட்டிருக்கலாமே என்று கேட்பாய். முடியவில்லை. அதன் முடிவில் மாமி கதவைத் தட்டி, "தேத்தண்ணி ஆறுது, கதைச்சது காணும்" என்கிறார். நீ "வாறன்மா" என்கிறாய். மாமி ஒவ்வொரு நாளும் பின்னேரம் செபமாலை முடித்த கையோடு அதைப் போட்டுக் கேட்கிறார். அதை நான் எப்படி அழிப்பேன்? ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த சாக்கு இதுதான்.

இரண்டு கிழமைக்கு முன் அந்தப் பெயருக்குரியவர் என்னைத் தேடி வந்தார். நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு, பட்டப்பகலில். எனக்கு முதலில் யாரென்று தெரியவில்லை, தலையில் ரோஜா இல்லை. தெரிந்ததும் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டேன். குனிந்து அதை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

"நீங்கதானே அந்தப் பொட்காஸ்டுக்கு எடிட் செய்யிறது?"

"ஓம்."

"நான் சண்டை பிடிக்க வரேல்ல. செத்த ஆளோட என்ன சண்டை? ஒண்டு கேட்டுட்டுப் போகத்தான் வந்தனான். அவவுக்கு என்னில என்ன கோவம்? நான் அவவைக் கண்டதுகூட இல்லையே."

உங்களைப் பற்றி இல்லை, அது வேறு ஆள் என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"அது நான் இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. கலியாண வீட்டுக்காரர் கூப்பிடுகினம். பிறகு, மாப்பிள்ளை பகுதி வேண்டாமெண்டு சொல்லுது எண்டு போனை வைக்கினம். என்ட மகள் ஏஎல் சோதனைக்குப் படிக்கிறாள். அவளுக்கும் ஆரோ அனுப்பியிருக்கினம். அவள் என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

திருத்தம் போடுகிறேன் என்றேன். பெயர் சொல்லாமல், நீங்கள் நினைக்கிற ஆள் இல்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இன்னொரு குறிப்போ?"

எனக்கு முகம் சுட்டது. பெயரைச் சொன்னால் இதுவரை கேள்விப்படாதவர்களும் கேள்விப்படுவார்களே என்று இழுத்தேன். "கேள்விப்படாத ஆக்கள் ஒருத்தரும் மிச்சமில்ல, தங்கச்சி. என்ட பேரைச் சொல்லுங்கோ. முழுப் பேரையும் சொல்லி, இவ இல்லை எண்டு சொல்லுங்கோ. உங்கட நிகழ்ச்சியிலதான் விழுந்தனான், அங்கயே சொல்லுங்கோ." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது அங்கே என்பதால், இந்தக் கடிதத்தில் அவர் பெயரை நான் எழுதவில்லை.

இரண்டு கிழமையாகத் தூக்கம் சரியில்லை. பஸ்ஸில் யாராவது காதில் இயர்போன் செருகிக்கொண்டு சிரித்தாலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன். காலி வீதியில் கலியாண மண்டபத்தைத் தாண்டும்போது மற்றப் பக்கம் பார்க்கிறேன். அந்த வெளிநாட்டுக்காரியின் கதையாவது உண்மைதானா என்று இப்போது ஒரு கேள்வி வருகிறது. நாம் அதை யாரிடமாவது விசாரித்தோமா, ஷிரோமி? மேக்கப் போடுகிற பெண் சொன்னாள், நீ எனக்குச் சொன்னாய், நான் சிரித்தேன்.

எதைப் போடுவதென்றாலும் முதலில் மாமிக்குச் சொல்ல வேண்டும். அந்த நிகழ்ச்சியைக் கேட்கிறபோது அவருக்குக் கிடைக்கிற கொஞ்ச நிம்மதியையும் நான் கெடுக்கப்போகிறேனே என்றுதான் நடுங்கினேன். புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக்குத் துவைக்க மாமி திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாடகி வந்தது, வேலி, ஹோர்ன், வெட்டினது. மாமி திரைச்சீலையை மடியில் குவித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்ட புள்ள சொல்லித்தான் இருக்கிறாளா?"

"ஓம் மாமி."

"நீதான் வெட்டினியா?"

"ஓம்."

"நான் ஏன் அதை நெடுகப் போட்டுக் கேக்கிறன் எண்டு நினைச்சாய்?"

"நீங்க தேத்தண்ணிக்குக் கூப்பிடுறதும், அவ வாறன் எண்டு சொல்லுறதும் வருதே..."

"அது என்ட காதுக்குள்ள எந்த நேரமும் இருக்கு. அதுக்கு ஏன் எனக்குப் போன்?" மாமி திரைச்சீலையின் வளையங்களை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். "முப்பத்தோராம் நாள் பூசையில, பின் வாங்கில ரெண்டு பேர் கதைச்சாங்க. குடும்பப் பொம்பிளை ஒருத்திட பேரைக் கெடுத்தா, ஒரு கிழமை தாண்டல்ல, போய்ட்டா பாத்தியா எண்டு. திரும்பிப் பாக்கக்கூட எனக்குத் தைரியம் வரல்ல. அண்டையில இருந்து கேக்கிறன். எங்கயாவது ஒரு சொல் இருக்கும், என்ட புள்ள அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா எண்டு. ஒரு வருசமாத் தேடுறன்டி."

நான் வெட்டிப்போட்டதை உன் அம்மா ஒரு வருடமாகத் தேடியிருக்கிறார், ஷிரோமி. நான் இங்கே உட்கார்ந்து, அவருக்கு அது ஆறுதல் என்று கதை கட்டிக்கொண்டிருந்தேன்.

வெட்டாத ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கேட்டார். போனில் வைத்திருந்தேன். காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டார். ஹோர்ன் வந்தது, அதற்குள்ளே நீ வந்தாய். அந்தச் சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. மூன்றாம் தரம் கேட்டு முடித்ததும், "சொல்லியிருக்கிறா" என்றார். திரைச்சீலைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் துவைக்கப் போனார். உங்கள் வீட்டுக்குப் போய் நான் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பியது அன்றுதான் முதல் தரம். படியிறங்கும்போது, "ஹோர்ன் அடிச்சா நீ என்ன செய்வாய்" என்று உள்ளே இருந்து சொன்னார். கோபத்திலா, மன்னித்தா, எனக்குத் தெரியவில்லை.

அந்த வார்த்தைதான் என்னைத் தின்கிறது. ஏனென்றால் மாமிக்கு நான் முழுக்கச் சொல்லவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஹோர்ன் நின்றதும் நீ என்னைப் பார்த்து, "சத்தம் விழுந்திட்டுது, திரும்பச் சொல்லவா?" என்று கேட்டாய். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஹோர்னுக்காக இல்லை. அந்த வரி இருந்தால் யாரோ முகம் தெரியாத வெளிநாட்டுக்காரி. அது இல்லாவிட்டால் நம் ஊர் ஆள், எல்லோரும் தேடுவார்கள், ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். அது எனக்குத் தெரியும். வெட்டும்போது இந்தக் கொழும்புப் பாடகியின் முகம் ஒரு கணம் ஞாபகத்துக்கு வந்தது, மச்சாள். அவர் எங்கள் அண்ணாவின் கலியாணத்தில் பாடியவர். வந்தும் வெட்டினேன்.

இந்தக் குற்றத்தை ஒரு வருடமாக ஊர் உன் மேல் சுமத்தியது. நீ எழும்பி வந்து இல்லை என்று சொல்ல மாட்டாய் என்கிற தைரியத்தில் நான் பேசாமல் இருந்தேன்.

ஞாயிறு காலை பூசைக்கு முன்னாலேயே கொட்டாஞ்சேனைக்குப் போவேன். மிச்சத்தையும் மாமியிடம் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கத்தில் உட்காருவாரா, சாப்பிட்டுவிட்டுப் போ என்பாரா, தெரியாது. வேண்டாம் போ என்றால் கோயிலுக்கு வெளியே நின்றாவது உன் பூசையைக் கேட்டுவிட்டு, நிகழ்ச்சியையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்தே வெளியில் விடுவேன். முதலில் உன் வரி, வெட்டாமல். பிறகு அந்தப் பாடகியின் முழுப் பெயர், அவர் இல்லை என்று. அதற்குப் பிறகு என் பெயர், நான்தான் என்று. இது உனக்கு நான் செய்து தருகிற சத்தியம்.

உன் அத்தை மகள், இனியும் உன் மச்சாள் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிற
கௌரி