தாய்க் கிராமமும் தற்காலிக முகவரியும்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பா, நான், உன் தம்பி மூவரும் சுகம், நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். முதலில் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஊர்க்கூட்டத்தில் அத்தனை பேர் நடுவே உன் அப்பாவைப் பார்த்து, "இதையே உங்க பொண்ணுக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை.

கூட்டம் நம் ஊரைப் பற்றித்தான். நம்முடையது தனி ஊர் இல்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஊரின் உட்கிடை, ஆபீஸ் பாஷையில் அந்தப் பெரிய ஊர்தான் தாய்க் கிராமம், நாம் அதன் பிள்ளை. அந்தக் காலத்தில் அதிகாரி குதிரையில் ஒரே பகலில் சுற்றிவரக்கூடிய தூரத்தை ஒரு வட்டமாகப் பிரிப்பார்களாம், எங்கோ படித்தேன். நம் பக்கத்தில் குதிரை வாய்க்காலோடு திரும்பியிருக்கும், மிச்சமிருந்த நம்மைப் பெரிய ஊரோடு ஒட்டவைத்துவிட்டார்கள். பெரிய ஊருக்கு வரும் நர்ஸும் இன்றுவரை அந்தக் குதிரை மாதிரியே வாய்க்காலோடு திரும்பிவிடுகிறார். தனி ஊரானால் நமக்கென்று ஒரு நர்ஸ் வருவார். பிரிய விருப்பமா என்று நம்மை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

பெரிய ஊர்த் தலைவர் எழுந்து, "தாயை விட்டுட்டுப் பிள்ளை தனியாப் போறது நல்லாவா இருக்கு" என்று உருக்கமாகப் பேசினார், தையல்கார அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்போது எழுந்தார் உன் அப்பா. ஊர் போர்டெல்லாம் எழுதுகிறவர், ஆனால் கூட்டத்தில் வாயைத் திறந்ததே இல்லை. "பிள்ளை தனிக்குடித்தனம் போனா தாய்க்கு என்னங்க நஷ்டம், போய்வர இன்னொரு வீடு ஆச்சுன்னு சந்தோஷப்படுங்க" என்றார். ஒரே கைதட்டல். தலைவரே சிரித்துவிட்டு, "பெயிண்டரே, உன்னைப் பேசவிட்டது என் தப்புய்யா" என்றார்.

கைதட்டிக்கொண்டே நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். வேலை நிரந்தரமாகிவிட்டது, அங்கேயே இருந்துவிடவா என்று நீ எழுதியதிலிருந்து, "ஒரு வருஷம்னு சொல்லிட்டுத்தானே போனா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உனக்குப் பதில் எழுதாமல் இருப்பவர் இவர்தானே. உனக்கு அனுப்பும் ஒவ்வொரு பார்சலிலும் 'தற்காலிக முகவரி' என்று அச்சடித்த மாதிரி எழுதுவார், "அதைப் போடாட்டியும் போய்ச் சேரும்ங்க" என்று தபால்காரர் சொல்லியும் கேட்டதில்லை. வீட்டுக்கு நடந்து வந்தபோதும் அதைக் கேட்காமல், அவர் மனசு தானாகக் கனியட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் உத்தரவு வந்தது, நாம் இப்போது தனி ஊர். நேற்று அப்பா ஏணியில் ஏறி எல்லை போர்டில் இருந்த 'உட்கிடை' மேல் பெயிண்ட் அடித்தார், கீழே நின்று உன் தம்பி செய்த அதிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். இறங்கி வந்த கையோடு உன் பார்சலைக் கட்ட உட்கார்ந்தார். உள்ளே கம்பளிச் சட்டை இருக்கிறது, அழகு பார்க்காமல் போட்டுக்கொள். ராத்திரி பட்டினி கிடக்காதே, அறை ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்யச் சொன்னேனே, செய்தாயா? எங்கே இருந்தாலும் மனசும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். பார்சல் கிடைத்ததும் எனக்கு அல்ல, அப்பாவுக்குப் போன் செய்.

என்றும் உன்
அம்மா

பி.கு. பார்சல் இன்று காலை தபாலில் போய்விட்டது. 'முகவரி' என்று மட்டும் எழுதியிருந்தார்.