அங்காளுவின் முகமும் நான் வாங்கி வந்த டப்பாவும்

மீஞ்சூர்
11-7-1974

அன்பு மகள் தேசம்மாவுக்கு உன் நைனா செங்கல்வராயன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை அங்காளுவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், பூனாவில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. போன மாதக் கார்டில் எல்லோரும் சௌக்கியம் என்று நாலு வரியில் முடித்துவிட்டேன், அது பாதி பொய். மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்று எனக்கு ஸ்டேஷனில் பகல் டியூட்டி, தண்டவாளப் பாயிண்ட் மாற்றிவிட்டு அடுத்த வண்டி வருவதற்குள் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன், நடுநடுவே எழுத்து மாறினாற்போல் இருந்தால் அதுதான் காரணம். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஒரு மகளை வைத்துக்கொண்டு உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் செய்த காரியத்தை வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

அங்காளுவுக்கு இரண்டு வருஷமாகவே முகத்தில் பரு வருவது உனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இறால் கம்பெனியில் சேர்ந்த பிறகு அது கன்னம், தாடை, நெற்றி என்று பரவிவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காலை வண்டிக்கு ஓடுவாள், சாயங்காலம் வருவாள், தோழிகளோடு சிரிப்பாள். எடுத்துக்கொண்டவன் நான்தான். என்னோடு வேலை செய்கிற ராஜவேலு ஒருநாள் அவள் வண்டி ஏறும்போது பார்த்துவிட்டு, "இன்னா செங்கல்வராயா, சின்னப் பொண்ணு மூஞ்சி இப்டி ஆயிப்போச்சு, எதனா பாக்கக் கூடாதா?" என்று கேட்டான். அவன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவள் முகம், தண்ணீர் மொண்டு கொடுத்தால் அவள் முகம், நேற்றைக்கு இங்கே இருந்தது இன்றைக்கு அங்கே வந்திருக்கிறது என்று அதே பார்வை. உன் அம்மா கூட, "சும்மா இரேன்யா, வயசுல வர்றது, வயசோட போவும்" என்று அதட்டினாள். நான் கேட்கவில்லை.

வண்டியில் களிம்பு விற்கும் சின்னதுரையை நீ பார்த்திருப்பாய், தோளில் பை போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பெட்டி தாவுவானே அவன்தான். அவனிடம் சொன்னேன். "அண்ணே, மூணே நாளு, மூஞ்சி கண்ணாடியாட்டம் ஆயிடும்" என்று ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொடுத்தான், மேலே ஒரு தாமரைப் படம், என்ன மருந்து என்று ஓர் எழுத்து கிடையாது. முதல் நாள் அங்காளு கொஞ்சம் தடவிவிட்டு, எரிகிறது நைனா, கழுவிவிடுகிறேன் என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா தேசம்மா, "எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், பொறுத்துக்கோ" என்றேன். இரண்டாம் நாள் வேண்டாம் என்றாள், என் எதிரிலேயே உட்காரவைத்துத் தடவ வைத்தேன். மூன்றாம் நாளும் அப்படியே. அந்தப் பிள்ளை என் பேச்சைத் தட்டாமல் தலையணையில் முகம் படாமல் மல்லாந்து படுத்திருந்தாள்.

நாலாம் நாள் காலையில் எழுந்து வந்தவளைப் பார்த்து உன் அம்மா அலறிவிட்டாள். முகம் வீங்கிக் கண் இடுங்கி, கன்னம் முழுவதும் கொப்புளம், தாடையில் தோல் உரிந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அம்மா பயத்தில் வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள், மீனைத் தொடாதே என்று கஞ்சி ஊற்றினாள். எதிர்வீட்டுச் செங்கம்மாள் வேப்பிலையைப் பார்த்ததும் பெரியம்மை என்று முடிவு கட்டிவிட்டாள். வடக்கே எங்கெங்கோ அம்மை பரவுகிறது என்று ரேடியோவில் சொல்கிற நேரம், யார் போய்ச் சொன்னார்களோ, பதினோரு மணிக்கெல்லாம் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். தெருவே நம் வாசலில்.

இரு, கூட்ஸ் வருகிறது, போய்விட்டு வருகிறேன்.

எங்கே விட்டேன், ஆமாம், இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர். அங்காளுவை வெளிச்சத்துக்கு வரச்சொல்லி முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார், காய்ச்சல் உண்டா என்று கேட்டார். பிறகு, "இது அம்மை இல்ல, எதையோ தடவி வெந்து போயிருக்கு, இன்னாம்மா தடவுன?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "நான்தான் சார், ரயில்ல ஒரு டப்பா வித்தாங்க, நானே வாங்கிப் போட்டுக்கினேன்" என்றாள். அவர் டப்பாவை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இது சொறி படைக்குப் போடறது, இதப் போயி மூஞ்சில போடுவாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். கூட்டத்தில் சிரிப்பு. "அழகு பாத்துக்கினு திரிஞ்சா இப்டித்தான்" என்று ஒரு பொம்பளை சொன்னது என் காதில் விழுந்தது, அங்காளு காதிலும் விழுந்திருக்கும். நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். நான்தான் வாங்கினேன், நான்தான் தடவ வைத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், சொல்லவில்லை. ரயில்வேக்காரன், தெருவில் நாலு பேர் மரியாதை கொடுக்கிறவன் என்ற நினைப்பு வாயைக் கட்டிவிட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன், வழி முழுவதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். அங்கே ஒரு லேடி டாக்டர், வயது குறைவுதான், ஆனால் பொறுமையாகக் கேட்டார். சொன்னதையெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்னால் குறித்து வந்தேன், சரிதானா என்று நீயும் பார்த்துச் சொல். புண் ஆறும்வரை பச்சைத் தண்ணீர், அவர்கள் கொடுத்த ரோஸ் கலர் காலமைன், அவ்வளவுதான், வேறு எதுவும் கூடாது. தோல் ஆறிய பிறகு காலையும் மாலையும் இரண்டே வேளை, மெதுவான சோப்பு, தேய்க்கவே கூடாது, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், அந்தத் துண்டும் அவளுக்கென்று தனியாக இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்து நெற்றியில் இறங்கவிடக் கூடாது, தலையணை உறையை அடிக்கடி துவைக்க வேண்டும். பருவைக் கிள்ளக் கூடாது, கிள்ளினால்தான் குழி விழுமாம். இறால் தண்ணீர்க் கையோடு முகத்தைத் தொடாதே, வெயிலில் குடை பிடி என்றார். பருவுக்குக் கந்தகம் கலந்த ஒரு லோஷன், அதுவும் முழுக்க ஆறிய பிறகு, கொஞ்சமாக. கூட வந்த உன் அம்மா மீன் சூடு, மாங்காய் சூடு என்று ஆரம்பித்தாள், டாக்டர் சிரித்துவிட்டு, "மீன் சாப்பிடட்டும்மா, இது அழுக்கினால வர்றதும் இல்ல, அவ செஞ்ச தப்பும் இல்ல, நிறையப் பேருக்கு இந்த வயசுல வரும், மாசக் கணக்குல ஆகும், அவசரப்படாதீங்க" என்றார். அவசரப்படாதீங்க என்றபோது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

பதினெட்டு நாள் வீட்டில் இருந்தாள். கம்பெனியில் புண் இருக்கிறவர்களை உள்ளே விடமாட்டார்கள், டாக்டர் சீட்டு வேண்டும். அந்தப் பதினெட்டு நாளும் என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில். நான் குடையை எடுத்து வைத்தேன், துண்டைத் துவைத்துப் போட்டேன், சோப்பு டப்பாவைக் கழுவி வைத்தேன். சின்னதுரை பிளாட்பாரத்தில் தென்பட்டபோது சட்டையைப் பிடித்துவிட்டேன், ராஜவேலுதான் விலக்கினான். பிறகு யோசித்தால், அவன் விற்கத்தான் விற்றான், எரிகிறது என்றவளைத் தடவு என்றது அவனா?

முந்தாநாள் சீட்டை வாங்கிக்கொண்டு அவளைக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப்போனேன். வேண்டாம் என்றாள், போனேன். இறால் உரிக்கும் கொட்டகை வாசலில் சூப்பர்வைசர் யேசுதாஸ், உள்ளே முப்பது நாற்பது பெண்கள் மேஜையைச் சுற்றி நின்றபடி எங்களையே பார்க்கிறார்கள். தெருவில் பேசினது அவர் காதுக்கும் எட்டியிருந்தது போல, சீட்டைப் படித்துவிட்டு, "புண்ணு ஆறிட்சு, சரி. ஆனா கண்டதையும் வாங்கிப் பூசற பொண்ண எப்டி நம்பறது? நாளைக்கு வேற எதனா பூசிக்கினு வந்து சரக்குல பட்டா எனக்கில்ல பேஜாரு" என்றார். அங்காளு தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை என்னால் சும்மா நிற்க முடியவில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "சார், புள்ள அதுவா பூசல. வாங்கியாந்தது நான், எரியுதுன்னு சொன்னப்பயும் பூசுன்னு ஒக்கார வச்சது நான். ஊர்ல எல்லாரும் அத்தப் பாத்துச் சிரிச்சாங்க, நான் வாய மூடிக்கினு நின்னேன். தப்பு என்னுது" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. யேசுதாஸ் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "வேலைக்கு வர்றப்ப மட்டும் மூஞ்சில எதுவும் இருக்கக் கூடாது, கழுவிக்கினு வா" என்று சொல்லி வழிவிட்டார். அவள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி ஒற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். இன்று வேலை எப்படி என்று கேட்டேன். கேட்கும்போதே என் கண் அவள் இடது கன்னத்துக்குப் போய்விட்டது போலிருக்கிறது, அங்கே தோல் இன்னும் கறுத்திருக்கிறது, தாடையில் புதிதாக மூன்று பரு. அவள் சொன்னாள், "நைனா, நீ அங்க வந்து சொன்னது போதும், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம். ஆனா நீ பேசறப்பெல்லாம் என் கன்னத்தப் பாத்துப் பேசற. களிம்பு கூட அவ்ளோ எரியல. என் கண்ணப் பாத்துப் பேசு." நான் அவள் கண்ணைப் பார்த்தேன். உன் கண் போலவே இருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு மணி நேரம் கம்பெனிக் கதையெல்லாம் சொன்னாள், நான் அசையாமல் கேட்டேன், பாதியில் இரண்டு தடவை பார்வை நழுவியது, பிடித்து இழுத்து வந்தேன்.

கறுப்பு போகுமா, தழும்பு நிற்குமா என்று எனக்கு மட்டும் தனியாக எழுது, ஸ்டேஷன் விலாசத்துக்கு. என்னைத் திட்டவேண்டியதையும் அதிலேயே திட்டிவிடு. நீ வேளைக்குச் சாப்பிடு, மழைக்காலம், பாதத்தை ஈரத்தோடு வைத்திருக்காதே. அம்மா உனக்குத் தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள். தெய்வம் உன்னை எந்நாளும் கைவிடாமல் காக்கட்டும், நீ தொடும் நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அங்காளுவுக்கு நீ எழுதும்போது முகம் எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. அவள் உரிக்கிற இறால் எந்த ஊருக்குக் கப்பல் ஏறுகிறது என்று கேள், பக்கம் பக்கமாக எழுதுவாள்.

இப்படிக்கு,
உன் நைனா
மீ. செங்கல்வராயன்