முன்சீட்டு அட்டை

12-3-1974, செவ்வாய்

எங்கள் பயணங்களைக் கங்காணி திருடிவிட்டார். நூறு டிக்கெட் சேர்த்தால் பஸ்ஸில் முன்சீட்டு அட்டை தருகிறார்கள். இந்த மாதம் மட்டும் ஒரு டிக்கெட்டை இரண்டாக எண்ணுகிறார்கள். உப்பளத்துக்கு வந்ததற்கு அத்தாட்சி என்று சொல்லி, எங்கள் டிக்கெட்டுகளையெல்லாம் கங்காணி தினமும் வாங்கிக்கொள்கிறார். எட்டு மாதக் கர்ப்பிணியான செல்லக்கனிக்கு அட்டை வாங்க நேற்று அவற்றைத் திருப்பிக் கேட்டோம். "எல்லாம் எரிச்சாச்சுலே" என்றார்.

இன்று காலை கங்காணியே ஒரு முன்சீட்டு அட்டையோடு பஸ்ஸில் ஏறினார்.

"ஏளா, எந்திரி. இது என் சீட்டு."

செல்லக்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க தினமும் சைக்கிள்லதானே வாரீய? இத்தனை டிக்கெட் எங்கன கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"சைக்கிளுக்கும் டிக்கெட் குடுக்கான்லே" என்றார். பின்னால் சிலர் சிரித்தார்கள். அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்த கண்டக்டர் மட்டும் சிரிக்காமல் வெளியே பார்த்தார். அவருக்கும் இதில் ஏதோ பங்கு இருக்கிறது.

உப்பளம் வரைக்கும் அவள் நின்றுகொண்டே வந்தாள். இறங்கியதும் கங்காணியின் பின்னாலேயே கேட்டுக்கொண்டு போனேன். அவர் திரும்பாமல் நடந்தார். மாலையிலும் கேட்டேன். நாளைக்கும் கேட்பேன்.

"எரிச்ச சாம்பலையாவது காட்டுங்க, அண்ணாச்சி."