மதுரை பஸ்ஸில் நீங்கள் சொன்ன பதில்

மதினி,

பேத்திக்காக வசம்பு சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் இந்த வாசனையே எனக்கு ஆகாது. நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. இன்று உங்கள் நினைப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரரின் அக்கா நீங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு, ராஜபாளையத்தில் தபால் வழியாக எம்.ஏ. உளவியல் படித்தீர்கள். உங்கள் அம்மா, எனக்கு அத்தை, சும்மா விடுவார்களா? "மனசப் படிக்காளாம்! எம்மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்" என்று சீண்டினார்கள். தலையைத் தூக்காமலே, "காப்பி வேணும்னு இருக்கு" என்றீர்கள். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் மகள் பிறந்ததும் எனக்கு என்னவோ ஆனது. பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்றேன். காரணமில்லாமல் அழுதேன். காத்துக்கருப்பு என்று முடிவுகட்டிய அத்தை, உடுக்கடித்துப் பேயோட்டும் கோடாங்கிக்கு ஆள் அனுப்பினார்கள். நீங்கள் வாசலை மறித்து நின்றீர்கள்.

"பேயுமில்ல, திமிருமில்லம்மா. பிள்ள பெத்தவளுக்கு வாற சீக்கு இது. ஆராய்ச்சி பண்ணி எழுதிருக்காவ. வைத்தியம் இருக்கு."

மறுநாளே மதுரைக்குப் புறப்பட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிய அம்மாளைப் பார்த்ததும் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்கள் மகளைப் பெண் கேட்டிருந்த மாப்பிள்ளையின் சித்தி!

"ரெண்டு பேருமா எங்க போறீய?"

கண் ஆஸ்பத்திரி என்று சொல்லுங்கள் மதினி என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். நீங்களோ, "இவளுக்கு மனசு சரியில்ல. மனநல டாக்டர்ட்ட காட்டப் போறோம்" என்றீர்கள். பஸ்ஸில் பாதித் தலைகள் திரும்பின.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. என்னால்தானே என்று நான் அழுதபோது உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி கிறுக்கி! நாளைக்கு எம்மக பிள்ள பெத்துட்டு இப்படி உக்காந்திருந்தா, அந்த வீட்டுல அவளுக்கும் கோடாங்கியத்தான கூப்பிடுவாவ? போனா போறாவ." உங்களுக்கும் வலித்திருக்கும். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

மாத்திரையும் டாக்டரம்மாவின் பேச்சுமாகச் சில மாதம் போயிற்று. ஒரு காலையில் பிள்ளை அழுதாள். நானே ஓடிப்போய் எடுத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிய, அத்தை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எம்மக படிச்ச படிப்பு!" என்று தெருவெல்லாம் சொன்னதும் அவர்கள்தான்.

இன்று காலை ஒரு நர்ஸ் வந்தாள். பிள்ளையை எடை பார்த்துவிட்டு, காய்ச்சல் உண்டா என்று கேட்கிற மாதிரி என் மகளிடம், "மனசு எப்படிக்கா இருக்கு? வீட்டுல யாருக்காவது பிரசவத்துக்குப் பொறவு மனசு சரியில்லாம இருந்துச்சா?" என்று கேட்டாள். மகளின் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு இருந்துச்சு" என்றேன். "வைத்தியம் பாத்துச் சரியாச்சு."

குனியவில்லை, மதினி. உங்களை நினைத்து நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

நர்ஸ் போன பிறகு சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தார்கள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு மதினி. அப்ப கேக்கத்தான் ஆளில்ல."

எனக்கு நீங்கள் இருந்தீர்கள்.