பார்த்தாச்சு

நாள் 212. காலை 7.10
நிலவின் தென்முனைக் குடியிருப்பு. தொலைத்தொடர்புப் பொறுப்பாளர் இன்பவல்லி எழுதுவது. கருவிகள் சீர்.

பொதுக்கூடத்தில் இன்று ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) பொருத்தினேன். பொதுக்கூடம் என்பது நாங்கள் முப்பது பேரும் எழுதிப் பேசிக்கொள்ளும் அரட்டை அறை. சென்ற வாரம் அதில் கதிர்வீச்சு எச்சரிக்கை போட்டேன். சாம்பார் பொடியை யார் எடுத்தது என்ற சண்டைக்கு நடுவில் அது யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு பேர் வெளியே போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். இனி கெட்ட வார்த்தை எழுதினால் பாட் அந்த ஆளின் வாயைப் பூட்டிவிடும். வாட்ச்மேன் என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

நாள் 213. மாலை 4.30
முதலில் மாட்டியவர் மெக்கானிக் அந்தோணிராஜ். இன்டர்காமில் வந்தார். "ஏம்மா, மெஷினை ஏவி விட்டு என் வாயை அடக்குதியா?"

எல்லோரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆகவே ஒரு மாற்றம். பூட்டப்பட்டவருக்கு இனி அது தெரியாது. எழுதியது அவர் திரையில் இருக்கும், மற்றவர்களுக்குப் போகாது. சந்தேகம் வராமலிருக்க வாட்ச்மேனே அடியில் 'பார்த்தாச்சு' குறி போடும். செய்தியைப் பார்த்தவர் குறி போடுவது இங்கே வழக்கம். கையுறை போட்ட விரலால் பதில் எழுத முடியாது. செய்தி யாருக்கோ அவர் ஒரு தட்டுத் தட்டினால் குறி விழும், ஆள் கவனித்துவிட்டார் என்று நம்பலாம்.

அதே கையோடு இன்னொரு விதி. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப, இருபது முறைக்கு மேல் போட்டால் ஒரு வாரப் பூட்டு.

நாள் 215. மாலை 6.00
அறை அமைதி. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வடக்குக் குடிலில் தனியாகப் பனி தோண்டும் செங்கோடன் இரண்டு நாளாக எதுவும் எழுதவில்லை. கொங்குப் பக்கத்துக்காரர். தினமும் பொதுக்கூடத்தில் ஒவ்வொருவர் பெயரையும் போட்டுத் தனித்தனியாக "சாப்டாச்சுங்களா?" என்று அனுப்புவார். அவருடைய ரேடியோ பழுது, எழுத்து மட்டும்தான் வரும். வேலை மும்முரம் போலிருக்கிறது.

நாள் 216. காலை 11.20
பூட்டிய செய்திகளை அழிக்கத் திறந்தேன். பக்கம் முழுக்கச் செங்கோடன். மற்ற இருபத்தொன்பது பேரிடமும் ஒரே கேள்வி கேட்டதற்காக வாட்ச்மேன் அவரைப் பூட்டியிருக்கிறது. நேற்று இரவிலிருந்து அவர் எழுதியதை அப்படியே பிரதி எடுக்கிறேன்.

"அம்மணி, காத்து மெஷின் நின்னு போச்சுங்க. சிலிண்டர்ல இருக்கறது நாளைக்கு மத்தியானம் ஒரு மணி வரைக்கும் தாங்குமுங்க. வண்டி அனுப்புங்க."
பார்த்தாச்சு.

"வண்டி கெளம்பிருச்சுங்களா?"
பார்த்தாச்சு.

"பக்கத்துல இருக்கற மேற்குக் குடிலுக்கு நடந்தே போயிரலாம்னு நெனச்சனுங்க. நீங்கதான் பார்த்துட்டீங்களே. நான் அங்க போயி, நீங்க இங்க வந்து தேட வேண்டாம். இங்கயே இருக்கறனுங்க."
பார்த்தாச்சு.

நாள் 216. காலை 11.40
அவருடைய பூட்டை எடுத்துவிட்டேன். அந்தோணிராஜ் வண்டியோடு கிளம்பிவிட்டார். வடக்குக் குடிலுக்கு மூன்று மணி நேரம். ரேடியோவில் சொன்னார்: "அழாத தாயி. ஓட்டுறத நான் பாத்துக்கிடுதேன். நீ அவருக்கு எழுதிக்கிட்டே இரு."

நான் அழவில்லை. அழுகை வந்தால் தேவலை. உடம்பில் எங்கேயும் ஒன்றும் இல்லை, கை மட்டும் வேலை செய்கிறது.

நாள் 216. மதியம் 12.50
"அண்ணா, வண்டி வருது. அசையாம படுங்க. மெதுவா மூச்சு விடுங்க." இதையே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வேறு வார்த்தை வரவில்லை. பதிலும் வரவில்லை.

12.58
குறி விழுந்தது. பார்த்தாச்சு.

வாட்ச்மேனை நிறுத்தினேனா? நினைவில்லை. நிறுத்தியிருந்தால் குறி போட்டது அவர் விரல், உயிரோடு இருக்கிறார். நிறுத்தவில்லை என்றால் திரும்பத் திரும்ப எழுதியதற்காக அது என்னைப் பூட்டிவிட்டது, அவருக்கு எதுவும் போகவில்லை. அதைக் காட்டும் திரை என் இடது பக்கம் இருக்கிறது. கழுத்தைத் திருப்பினால் போதும்.

1.04
திருப்பவில்லை. மறுபடியும் அனுப்பினேன்.

பார்த்தாச்சு.