பெரிய கை வந்த ஞாயிறு

மார்ச் 3, ஞாயிறு

மூன்று ராணி வந்தும் கிடைத்தது சில்லறைதான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. போக்கரில் நல்ல சீட்டு வந்தால் போதும், என் வாய் கட்டிக்கொள்கிறது. பம்முகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன். பேட்டரிக் கடை மாடியில் ஆடுகிற அத்தனை பேருக்கும் இது அத்துப்படி. "தம்பி கம்முனு ஆயிட்டாரு, எடுங்கப்பா ஓட்டம்" என்று கடைக்காரர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். அத்தான் மட்டும் வீம்புக்கு நின்று தோற்றான். அக்கா புருஷனை அவன் இவன் என்று எழுதுகிறேன். எழுதத்தான் செய்வேன்.

மார்ச் 4, திங்கள்

அக்காவின் உதடு கிழிந்திருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

மறுபடி ஜெயித்தேன். மறுபடி அதே சில்லறை. தோற்ற அத்தான் போகும்போது என் தோளைத் தட்டி, "சந்தோஷமா போ மச்சான்" என்றான். அந்தக் கையை அங்கேயே முறித்திருக்க வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

லாரிக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா பட்டறைக்கு வந்தாள். முழங்கையை மடக்க முடியவில்லை. ஸ்பேனரோடு கிளம்பினேன், சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீ ஜெயிக்கிற அன்னைக்கெல்லாம் எனக்குத்தாண்டா விழுது."

அவனை ஓட்டாண்டியாக்கிக்கொண்டிருப்பதாக நான் நினைத்தேனே — ச்சே! நானெல்லாம் ஒரு தம்பியா? இனி சீட்டைத் தொடமாட்டேன், நீ கிளம்பி வந்துவிடு என்றேன்.

"என் நகையை வித்து வாங்கின வேன் அவன்கிட்ட இருக்கு. அதை விட்டுட்டு வரமாட்டேன். நீ ஆடு. துளித்துளியா எடுத்து என்னைச் சாகடிக்காத. எடுத்தா ஒரே அடியா எடு."

மார்ச் 16, சனி

கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டும்போதுதான் நான் கத்துவேன், மேசையைக் குத்துவேன். எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் நல்ல சீட்டு வரும்போது கத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பெரிதாகக் கட்ட வேண்டும். நான் கொதித்தால் அத்தானுக்குக் குஷி, விடவே மாட்டான். நாளை அவன் ஆட்டத்துக்குக் கிளம்பியதும் அக்கா பட்டறைக்கு வந்துவிடுவாள்.

மார்ச் 17, ஞாயிறு

வலது கையில் தையல். இடது கையால் கிறுக்குகிறேன்.

என் கையில் இரண்டு ஒன்பது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்ததில் இன்னொரு ஒன்பது, இரண்டு ராஜா. எழுந்து மேசையில் ஓங்கிக் குத்தினேன். "பொண்டாட்டியை அடிக்கிற பயலோட எனக்கென்னடா ஆட்டம்! இந்தா, எல்லாத்தையும் எடுத்துக்க!" என்று பணத்துக்கு வாங்கிவைத்த சிப் முழுவதையும் தள்ளினேன். நடிப்பு. பாதிதான் நடிப்பு.

அத்தான் பல்லைக் காட்டினான். "மச்சான்கிட்ட ஒண்ணுமில்ல, சும்மா உதார் விடுறான்." சிப் பத்தவில்லை, வேன் சாவியைப் போட்டான். அவனிடம் இன்னொரு ராஜா இருந்தது. மூன்று ராஜா! என் ஒன்பதுகளை விரித்தேன். மூன்று ஒன்பதோடு ஜோடி ராஜா சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ், வெறும் மூன்று ராஜாவை அடித்துவிடும்.

சோடா பாட்டிலை உடைத்துக்கொண்டு பாய்ந்தான். முகத்துக்கு வந்ததைக் கையில் வாங்கினேன். மேசையெல்லாம் ரத்தம். கடைக்காரர் நாற்காலியால் போட்டதில் விழுந்தவன், எழுந்து ஓடிவிட்டான். எங்கே போவான்? வீட்டுக்கு. வீடு காலி. அப்புறம் நேரே பட்டறைக்கு. சீட்டு வரைக்கும் யோசித்த மடையன் நான், அதை யோசிக்கவில்லை. அது உறைத்தபோது ஆஸ்பத்திரியில் தையலுக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதறியடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது அத்தான் தரையில் கிடந்தான். அக்கா ஜாக்கிக் கம்பியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு கீறல் இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

அத்தானுக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. போலீஸ்காரர் கேட்டதற்குப் படியில் உருண்டுவிட்டேன் என்றானாம். பொண்டாட்டி அடித்தாள் என்று எந்த வாயால் சொல்வான்?

அக்காவிடம் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்டா" என்றாள்.

எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.