வாத்துக்குப் போன உன் பெயர்

என் பாக்கியம் அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதைப் பேச ஆரம்பித்தாலும் "முடிவைச் சொல்லுடா முதல்ல" என்பவள் நீ. கோலாலம்பூரில் கணினி நிரலாளர்கள் மாநாடு. பெரிய திரை. அதில் உன் பெயர், என் பெயருக்கு மேலே.

உன் பிரிக்பீல்ட்ஸ் தையல் கடையில் துணிமூட்டைகளுக்கு நடுவே கிடந்த என் பழைய கணினி நினைவிருக்கிறதா? எழுதிய நிரலை ஓட்டுவதற்கு முன் உனக்கு வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுவேன். உனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ரவிக்கைக்குக் கொக்கி வைத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாய்.

கிள்ளான் லோரி யார்டுக்கு நான் எழுதிய முதல் நிரலைப் படித்த அன்று நடந்தது, இன்னும் காதில் இருக்கிறது.

"லோரி உள்ள வந்தா நம்பரை எழுதிக்கும். வெளிய போறப்ப அந்த நம்பர் இருந்தா கேட்டைத் திறக்கும்."

"இல்லைன்னா?"

"உள்ள வராத லோரி எப்படிக்கா வெளிய போவும்?"

"நாளைக்குத்தான இத வைக்கப் போற? நேத்தே வந்து நிக்கிற லோரி என்னடா பண்ணும்? அங்கயே குடித்தனம் பண்ணுமா?"

அன்று நீ கேட்காமல் இருந்திருந்தால், மறுநாள் காலையில் யார்டில் இருந்த அத்தனை லோரியும் கேட்டுக்குள்ளேயே மாட்டியிருக்கும். அதன் பிறகு உன் "இல்லைன்னா?"வைத் தாண்டாமல் ஒரு நிரலையும் நான் ஓட்டியதில்லை. "கத்தரி வைக்கிறதுக்கு முன்னாடி கேளு. வெட்டுன பிறகு கேட்டா துணி பதில் சொல்லாது" என்பாய்.

இப்போது இந்த வழக்கத்துக்கு உலகமே ஒரு பெயர் வைத்திருக்கிறது, அக்கா. நிரலை வாய்விட்டு விளக்கினால் பிழை தானே தெரியுமாம். கேட்க ஆள் இல்லையென்றால் மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் சொல்ல வேண்டுமாம். போன வருட மாநாட்டில் ஆளுக்கொரு மஞ்சள் வாத்து கொடுத்தார்கள். நீ செய்த வேலைக்கு வாத்தின் பெயர்! வயிறு எரியாதா? வாத்து என்றைக்காவது "இல்லைன்னா?" என்று கேட்டிருக்கிறதா?

அந்த மாநாட்டில் உன்னைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு இரண்டு வருடம் எழுதினேன். இரண்டு வருடமும் மறுத்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மேனேஜர், "தையக்கடையில படிச்ச புரோகிராமரா?" என்று சிரித்ததையே நான் மறக்கவில்லை, இதை மறப்பேனா? மூன்றாம் முறையும் எழுதினேன். இந்த வருடம் ஏற்பாட்டாளர் கவிதா என்ற பெண் போன் செய்தாள்.

"அங்கிள், உங்க பேச்சு ஓகே லா. ஆனா ஸ்பீக்கர்னு ரெண்டு பேரு போட்டிருக்கீங்க. அக்கா தவறிட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"இல்லாதவங்களை எப்படி அங்கிள் ஸ்பீக்கரா போடுறது?"

"வாத்துக்கு மட்டும் உசிரு இருக்கா? அக்கா பேரு இல்லன்னா நான் வரல."

"அவங்க பேட்ஜை யாரு மாட்டிக்குவா?"

"நான் ரெண்டையும் மாட்டிக்கிறேன்."

சிரித்துவிட்டாள். "அங்கிள், உங்களோட முடியாது லா. போட்டுடுறேன்."

இரண்டு பேட்ஜோடு மேடையேறினேன். அடுத்த வாரம் யார்டில் வைக்கப்போகும் புது நிரலைத் திரையில் காட்டி வரிவரியாகப் படித்தேன். நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் சபை "இல்லைன்னா?" என்று கேட்க வேண்டும். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் உன் சொல்லைச் சேர்ந்து கத்தினார்கள், அக்கா. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

கடைசி வரிக்கு வந்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அங்கிள், லோரி உள்ளயே கெட்டுப்போச்சுன்னா? இன்னொரு லோரி இழுத்துட்டுப் போகும்ல? கேட்டுல முன்னாடி போற லோரி நம்பரைத்தான உங்க நிரல் பாக்கும்?"

"உனக்கு எப்படிம்மா இது தெரியும்?"

"எங்கப்பா ஜெஞ்சாரோம்ல இழுவை லோரி ஓட்டுறாரு."

அவள் சொன்னது சரி. அப்படி இழுபட்டு வெளியே போன லோரி என் கணக்கில் என்றைக்கும் யார்டுக்குள்ளேயே நிற்கும். பழுது பார்த்துத் திரும்ப வந்தால் "நீ ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய்" என்று வாசலிலேயே நிறுத்திவிடும். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. தப்பை லேசில் ஒப்புக்கொள்ளாதவன் நான் என்பது உனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் மைக்கில் சொன்னேன்: "தப்புதான். எங்கக்கா கேட்டிருப்பா."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. என் நிரல் தோற்ற இடத்தில் நீ ஜெயித்தாய்.

கீழே இறங்கியதும் கவிதா கேட்டாள்: "அடுத்த வருஷம் வாத்து வேணாமா அங்கிள்?" "குளிக்கிற தொட்டியில போடும்மா" என்றேன்.

அந்தப் பிழையைத் திருத்திவிட்டேன். நிரலின் தலையில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்: "கேட்டவர்: பாக்கியம்." உன் பேட்ஜ் உன் தையல் மெஷினில் தொங்குகிறது.

விரல் ஓடுகிற வரைக்கும் நிரல் எழுதுவேன். அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து கடைசி வரிவரை சத்தமாகப் படிக்காமல் எதையும் யார்டுக்கு அனுப்ப மாட்டேன். நாளைக்குப் புதிதாக ஒன்று படிக்கப்போகிறேன். இந்தமுறை உன்னால் என்னை மடக்க முடிகிறதா, பார்.

இன்னும் உன்னிடம் மல்லுக்கு நிற்கிற,
உன் தம்பி முனியாண்டி,
கிள்ளான்.